இரண்டு கிடைக்கோடுகள்

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து
ஸ்கோர் எழுதுகிறவன் நான்.
கறுப்புப் பேனா ஒன்று, சிவப்பு ஒன்று,
காற்றில் தாள் பறக்காதிருக்க
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய எடைக்கல்.
பகலில் ஜங்ஷன் பார்சல் ஆபீஸ்.
கோப்பை கொடுக்கும்போது என் பெயரை விட்டுவிடுவார்கள்,
பிரியாணிப் பொட்டலம் மட்டும் தவறாமல் வரும்.

அமலோற்பவத்தை முதலில்
ஓர் எண்ணாகத்தான் எனக்குத் தெரியும்.
ஒன்பது.
ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து லைன் வீட்டுப் பெண்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவளுக்கு
எந்த டிஃபென்ஸ் தலைசுற்றும்?
மூன்று புள்ளி என்றால் எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும்.
அவளுடைய ஒன்பதுகளில்தான்
என் வட்டம் வட்டமானது.

தொண்ணூற்றெட்டு, மண்டல இறுதி.
ஒரு புள்ளி பின்னால், ஆறு நொடி மிச்சம்.
அவள் கோச் டைம் அவுட் கேட்டார்.
பலகையில் சாக்பீஸால் ஓர் அம்பு:
பந்து நான்காம் நம்பருக்கு.
விசில் ஊதியபோது
ஒன்பதின் முன்னால் வழி திறந்து கிடந்தது,
மாட்டுவண்டி போகலாம், அத்தனை அகலம்.
அவள் அம்பு காட்டிய பக்கமே கொடுத்தாள்.
நான்காம் நம்பரின் விரலில் பட்டு வெளியே போயிற்று.

தவறிய ஷாட்டுக்கு எங்கள் படிவத்தில் இடமில்லை.
எடுக்காத ஷாட்டுக்கு எங்கே இருக்கப்போகிறது?

பிறகு முட்டி போயிற்று.
அதோடு போலீஸ் கோட்டாவும்.
சிவதாபுரம் கொலுசுப் பட்டறையில்
சில வருடம் எடை எழுதினாளாம்.
அஸ்தம்பட்டிக் கல்லூரியில் கோச் ஆன அன்றிலிருந்து
எனக்கு அவள் 'அவர்'.
ஆர்டரில் 'தற்காலிகம்' என்றிருந்தது.
ஒவ்வொரு ஜூனிலும் அதே சொல்லைப்
புதுத் தேதி போட்டுக் கொடுத்தார்கள்.
பதினெட்டு ஜூன்.
ஒரு வருடம் கேரமையும் சேர்த்து,
இன்னொரு வருடம் ஹாஸ்டல் மெஸ் கணக்கையும்.
வலை கிழிந்தால் ஸ்டூல் போட்டு ஏறி
அவரே கட்டுவார், ஒரு காலைக் கொஞ்சம் நீட்டியபடி.
ஜெயித்த கோப்பை மூன்று.
தோற்ற இறுதி எத்தனை என்று எனக்குத் தெரியும்,
சொல்ல மாட்டேன்.

நேற்று மாலை.
கோவைக்காரிகள் ஒரு கூடை போட,
அறுபத்தொன்று அறுபது.
ஏழு நொடி. டைம் அவுட் ஒன்று மிச்சம்.
பக்கத்தில் டைமர் பையன்
சைரன் பொத்தானில் விரல் வைத்துக் காத்திருந்தான்.
பெஞ்சில் கத்தினார்கள்.
பந்தலில் கரஸ்பாண்டன்ட் எழுந்தே விட்டார்,
வாயில் இளநீர் ஸ்ட்ராவோடு.
நான் கோச்சின் கைகளைப் பார்த்தேன்.
உள்ளங்கைமேல் ஒரு விரலை நட்டால் போதும்.
கைகள் இரண்டும்
டிராக் பேன்ட் பாக்கெட்டுக்குள் போயின.

யுவசங்கரி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.
அங்கே அம்பு இல்லை.
ஓடினாள்.
சேர்வராயன் பக்கமிருந்து தூறல் இறங்கியிருந்தது,
ஈர சிமென்ட் வழுக்கும்,
அவளுக்கு வழுக்கவில்லை.
ஒருத்தியைத் தாண்டி, இன்னொருத்தியைத் தாண்டி
வலது கையை நினைத்தவர்களுக்கு இடது கையால் எறிந்தாள்.
பந்து ரிங்கின் விளிம்பில் சுற்றிச் சுற்றி யோசித்தது.
அவள் யோசித்திருக்கவில்லை.
வெளிப்பக்கமாக விழுந்தது.

"மேடம், ஒண்ணு மிச்சம் இருந்துச்சே?"
பத்திரிகைக்காரர் கேட்டார்.
"இருந்துச்சு" என்றார்.
கரஸ்பாண்டன்ட் காரில் ஏறினார்.
ஜூனுக்கு இன்னும் எட்டு மாதம்.
யுவசங்கரி அழுதாள்,
அழுதுகொண்டே இரண்டு தட்டுவடை செட் தின்றாள்,
மூன்றாவதைக் கோச் பிடுங்கித் தின்றார்.

ஆட்சேபம் இருந்தால் கேப்டன் கையெழுத்திடும் இடம்
காலியாக இருந்தது.
பயன்படுத்தாத டைம் அவுட் கட்டத்தில்
இரண்டு கிடைக்கோடு இட வேண்டும், விதி அது.
எப்போதும் ஸ்கேல் வைத்துத்தான் போடுவேன்.
நேற்று கையாலேயே போட்டேன்,
கொஞ்சம் வளைந்துவிட்டது.
மாற்றாமல் அனுப்பிவிட்டேன்.